கைமாறும் நூல்கள்

‘நூல்’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் கற்றோர் உள்ளத்தில் ஏடு தோன்றும்; ஆரணியில் பிறந்தோர் உள்ளத்தில் பட்டிழை தோன்றும். இவ்விரு பொருளும் ஒன்றற்கொன்று அயலானவை அல்ல. நன்னூற் பாயிரத்தில் பவணந்தி முனிவர், சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகித்து, நூல் உருவாகும் முறையை விளக்குகின்றார். எனினும், நூற்ற அளவில் இழை ஆடையாகிவிடாது என்பதை நெசவாளர் நன்கறிவர். சாயம் தோய்ப்பவர், தார் சுற்றுபவர், பாவு போடுபவர், தறியில் அமர்பவர் எனப் பலருடைய கைகளும் பட்ட பின்னரே அது சேலையாகிறது. எழுதப்பட்ட நூலின் நிலையும் இத்தகையதே. ஆசிரியன் எழுதிவிட்டான், அச்சகத்தார் அச்சிட்டுவிட்டனர் என்பதனால் மட்டும் ஒரு நூல் வாழ்ந்துவிடுவதில்லை. படித்தவர் ஒருவர் தம் நண்பரிடம் அதனை எடுத்துரைக்க, அவர் அதனை வாங்கிச் சென்று படித்து மற்றொருவரிடம் கூற, இவ்வாறு கைமாறிக் கைமாறியே நூல் வாழ்வு பெறுகிறது.

நூலார்வம் உடையோர் தமக்குள் ஒருவர்க்கொருவர் நல்ல நூல்களை அறிமுகம் செய்துகொள்ளும் இவ்வழக்கம் தமிழுக்கு ஆற்றிய தொண்டு யாது, அதனை இன்றைய மாணவர் எவ்வாறு மேற்கொள்ளலாம் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நன்னூலார் வகுத்த பங்கீடு

கல்வி என்பது ஆசிரியரிடமிருந்து மாணவர்க்கு வருவது என்றே நாம் பொதுவாக எண்ணுகிறோம். நன்னூலார் அவ்வாறு கருதவில்லை. ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு நன்றாக உள்ளத்தில் அமைத்துக்கொண்டாலும் ஒரு மாணவன் பெறுவது காற்பங்கு புலமையே என்கிறார் அவர். உடன் பயில்வாரோடு பழகுவதனால் மற்றொரு காற்பங்கு வரும். தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதனால் எஞ்சிய அரைப்பங்கும் நிறையும். இக்கணக்கை நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். வகுப்பறை தருவது கால். தோழமையும் எடுத்துரைத்தலும் தருவது முக்கால்!

திருவள்ளுவரும் ‘கல்வி’, ‘கல்லாமை’ என்னும் அதிகாரங்களை அடுத்து 42ஆம் அதிகாரமாகக் ‘கேள்வி’யை வைத்தார். கற்க இயலாதவனும் கற்றவரிடம் கேட்டேனும் அறிய வேண்டும் என்பது அவர் கருத்து. கேட்பவன் ஒருவன் இருந்தால் சொல்பவன் ஒருவன் இருத்தல் வேண்டுமன்றோ? தான் படித்த நூலைப் பற்றித் தன் தோழனிடம் கூறும் மாணவன், கேட்பவனுக்கு மட்டுமன்றித் தனக்கும் நன்மை செய்துகொள்கிறான் என்பது இதனால் விளங்கும்.

குடந்தையில் ஒரு வியாழக்கிழமை

நண்பர் ஒருவர் நூல் ஒன்றைச் சுட்டிக்காட்டியதனால் ஒரு மொழியின் வரலாறே மாறியது உண்டா எனின், தமிழில் உண்டு. 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், வியாழக்கிழமை, கும்பகோணம் கல்லூரியில் அவ்வாண்டுதான் தமிழாசிரியர் பணியேற்றிருந்த உ. வே. சாமிநாதையர், அந்நகருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்களைப் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரான ஐயர், தாம் கற்ற அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் ஆகியவற்றை அடுக்கிக் கூறினார். முதலியார் அவற்றில் மனநிறைவு கொள்ளவில்லை. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட சீவக சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அந்நூல்களைக் கண்டதும் இல்லை.

முதலியார் கேட்டதோடு நின்றிருந்தால் அஃது ஒரு குத்தலாகவே முடிந்திருக்கும். அவர் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியை ஐயரிடம் கொடுத்தார். தாமும் உடனிருந்து பாடம் கேட்க விரும்பினார். நூலைச் சொன்னவரே நூலையும் கொடுத்து, அதனைப் படிக்கத் துணையாகவும் நின்றார் என்பதை நாம் கருத வேண்டும். சைவக் கல்வியில் வளர்ந்த ஐயர், அச்சமண காப்பியத்தின் கருத்துகளை அறியும்பொருட்டுக் குடந்தையில் வாழ்ந்த சமணர்களின் இல்லங்களுக்குச் சென்று அவர்களிடம் கேட்டுத் தெளிந்தார். அவர்களும் மனமுவந்து விளக்கினர்.

இதன் பயன் என்ன? 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. அதனைத் தொடர்ந்து 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் ஐயரின் பதிப்புகளாக வெளிவந்தன. இன்று தமிழின் தொன்மையைப் பேசும் ஒவ்வொருவரும் அந்த வியாழக்கிழமைக்குக் கடன்பட்டவரே. புலமையை வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர் அன்றி, நீதித்துறை அலுவலர் ஒருவர், நூலார்வம் ஒன்றே காரணமாகக் கேட்ட கேள்வி அது.

சமயச் சுவர்களைக் கடந்து

நூல் கைமாறும்போது சமயம் குறுக்கே நிற்பதில்லை என்பதற்குச் சான்றுகள் பல. உமறுப்புலவரின் சீறாப்புராணம் நெடுங்காலம் ஏட்டுச் சுவடிகளிலேயே இருந்தது. புலவர் நாயகம் எனப் போற்றப்பெறும் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அதனை 1842இல் அச்சேற்றினார். அச்சு வந்த பின்னரும் அதனை எளியோர் உணரும்படி உரை வேண்டியிருந்தது. அத்தொண்டில் ஈடுபட்டவர்களுள் ஒருவர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களில் ஒருங்கே கவனம் செலுத்திக் காட்டிய அப்பெருமகனார், கம்பனிலும் சைவ நூல்களிலும் ஆழ்ந்த பயிற்சி உடையவர்.

உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக விளங்கிய மு. மு. இஸ்மாயில் அவர்கள் கம்பராமாயணத்தை மேடைதோறும் எடுத்துரைத்துச் சென்னைக் கம்பன் கழகத்தை வளர்த்ததை இம்மலரைப் படிக்கும் பெரியோர் பலர் நேரிலேயே கண்டிருப்பர். இலங்கையைச் சேர்ந்த பேராசிரியர் ம. மு. உவைஸ், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இசுலாமியத் தமிழ் இலக்கியத் துறையில் பணியாற்றி, முனைவர் பீ. மு. அஜ்மல்கானுடன் இணைந்து இசுலாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, நாமா, படைப்போர் எனத் தமிழுக்குப் புதியனவாக வந்த இலக்கிய வகைகள் இத்துணை உண்டு என்பதைத் தமிழுலகம் அத்தொகுதிகளால் அறிந்தது. இவையெல்லாம், ‘இப்படியும் ஒரு நூல் இருக்கிறது’ என்று ஒருவர் மற்றொருவரிடம் சொன்னதன் விரிவே எனலாம்.

ஆரணியின் பெயரைத் தாங்கியவர்

ஆரணி என்றவுடன் பட்டும் அரிசியுமே பலர் நினைவுக்கு வரும். தமிழ்நாவல் வரலாற்றிலும் இவ்வூர்ப் பெயர் உண்டு. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவித் தமிழில் மிகப் பல துப்பறியும் நாவல்களை எழுதியவர், ‘ஆனந்தபோதினி’ இதழின் ஆசிரியராக விளங்கியவர், 1925இல் மறைந்தவர். ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலானோருடன் சேர்த்து எண்ணப்படுபவர்.

புலவர்கள் இத்தகைய நாவல்களைப் பொருட்படுத்தவில்லை. ஆயினும், செய்யுளைக் கண்டு அஞ்சி விலகியிருந்த பல்லாயிரவர் எழுத்துக்கூட்டியேனும் ஒரு புத்தகத்தை முடித்து வைக்கக் காரணமாக இருந்தவை இவையே. ஒரு வீட்டில் வாங்கிய நாவலைத் தெருவே படித்த காலம் அது. முடிவைச் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டே ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் வாங்கிச் செல்வர். படிப்பின் படிக்கட்டில் முதற்படியும் படிதான் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

தறியும் ஏடும்

நெசவுக்கும் நூலறிவுக்கும் உள்ள உறவு தமிழகத்தோடு நிற்பதன்று. வள்ளுவரை நெசவாளர் என்று கூறும் மரபு நம்மிடையே உண்டு. வடநாட்டில் கபீர் காசியில் முஸ்லிம் நெசவாளர் குடியில் வளர்ந்தவர். ஸ்காட்லாந்து நாட்டில் ஃபென்விக் என்னும் சிற்றூரின் நெசவாளர்கள் 1761இல் ஒரு சங்கம் அமைத்தனர். 1769இல் உணவுப் பொருள்களை மொத்தமாக வாங்கித் தமக்குள் பகிர்ந்துகொள்ளத் தொடங்கினர். கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிகளாகக் கருதப்படும் அவர்கள் 1808இல் நூலகம் ஒன்றையும் நிறுவிக்கொண்டனர். மாவைப் பங்கிட்டவர்கள் நூலையும் பங்கிட்டனர்! கூபா நாட்டின் அவானா நகரில் 1865 முதல் சுருட்டுத் தொழிற்கூடங்களில், தொழிலாளர் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் உயரமான இருக்கையில் அமர்ந்து நாளிதழையும் நாவலையும் உரக்கப் படிப்பது வழக்கமாயிற்று. கை வேலை செய்யும்போது காது கற்கும் என்பதை அவர்கள் கண்டறிந்திருந்தனர்.

நம் நாட்டிலும், 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றார். அதே ஆண்டில்தான் சீர்காழியில் பிறந்த நூலகத் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் தம் ஐந்து நூலக விதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் கிடைக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதாகக் கூறியதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அலமாரியில் காத்திருக்கும் நூலுக்கும் ஒரு வாசகன் எங்கோ இருக்கிறான். அவ்விருவரையும் சேர்த்து வைப்பவரே நூலை எடுத்துரைப்பவர்.

எமக்கு நூல் காட்டியவர்

இவ்விடத்தில் எம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுதல் பொருந்தும். ஆரணியில் எம் தந்தையார் பட்டுச் சாயப்பட்டறை ஒன்றில் கணக்கெழுதி வந்தார். அங்கு நூல் வாங்க வரும் முதிய நெசவாளர் ஒருவர், ஏழாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்த எம்மை ஒருநாள் அழைத்து, அட்டை போன ஒரு பழைய நாவலைக் கையில் கொடுத்தார். அது குப்புசாமி முதலியார் எழுதியது. “பாய் மகனே, எந்தப் பக்கத்துல தூக்கம் கெட்டுதுன்னு மட்டும் வந்து சொல்லு” என்றார். இரண்டாம் நாளே யாம் திருப்பிக் கொடுத்தோம். அன்று முதல் அவர் எமக்குத் தாத்தா ஆனார்.

அவர் வீட்டில் குழித்தறிக்குப் பக்கத்தில் ஒரு தகரப்பெட்டி நிறைய நூல்கள் இருந்தன. மாலையில் தறியை விட்டு எழுந்தபின் நான்கைந்து பேர் கூடுவர்; தாம் படித்ததைச் சொல்வர்; நூலை மாற்றிக்கொள்வர். காலிகோ அட்டை போட்ட கணக்கு நோட்டு ஒன்றில் நூலின் பெயர், கொண்டு சென்றவர், தேதி, ஒரு வரிக் குறிப்பு ஆகியவற்றைத் தாத்தா எழுதி வைப்பார். துப்பறியும் நாவலிலிருந்து கல்கிக்கும், கல்கியிலிருந்து மற்றவற்றுக்கும் எம்மை மெல்ல நடத்திச் சென்றவர் அவரே. பத்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், “சீறாப்புராணம் படிச்சிருக்கியா தம்பி?” என்று கேட்டார். இல்லை என்றோம். “உங்க வீட்டுப் புத்தகம். நான் படிச்சிட்டேன், நீ படிக்கலையே” என்றார். அந்தச் சொல் எம்மைச் சுட்டது. தமிழ் பயிலவும் வைத்தது. இராமசுவாமி முதலியாரின் வரலாற்றைப் பின்னாளில் வகுப்பில் கேட்டபோது, எமக்கு நினைவு வந்தது தாத்தாவின் குழித்தறியே.

இனிக் கூறுவது எம் பிழை. யாம் இளமுனைவர் பட்டத்திற்கு இசுலாமியத் தமிழ் இலக்கியத்தில் ஆய்வு மேற்கொண்டிருந்த காலத்தில், தம் பெட்டியில் முகப்புத் தாள் இல்லாத பழைய கிஸ்ஸா ஒன்று இருப்பதாகவும், வந்து பார்க்குமாறும் அவர் சொல்லியனுப்பினார். நூலகங்களில் குறிப்பெடுப்பதில் முனைந்திருந்த யாம், ‘ஆய்வேட்டை முடித்துவிட்டுப் போகலாம்’ என்று இரண்டு முறை தள்ளி வைத்தோம். மூன்றாம் முறை போகும்போது அவர் இல்லை. இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. தறி இருந்த இடத்தைச் சீர்செய்யும்பொருட்டுப் பெட்டியிலிருந்த நூல்களைப் பழைய தாள் வாங்குபவருக்கு எடைக்குப் போட்டுவிட்டனர். அவ்வீட்டாரைக் குறை கூற இயலாது. அவற்றைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. வந்திருக்க வேண்டியவர் யாம்.

கடன் வரவு செலவும் எழுதப்பட்டிருந்ததனால் நோட்டு மட்டும் தப்பியது. அதனை வாங்கிப் பார்த்தோம். அந்தக் கிஸ்ஸாவுக்கு நேரே, கொண்டு சென்றவர் பெயர் எழுத வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. குறிப்புக் கட்டத்தில், ‘பாய் மகனுக்கு’ என்று மட்டும் எழுதியிருந்தார். அந்நூல் யாது, எவர் இயற்றியது என்பதை இனி அறிய வழியில்லை. எம் ஆய்வேட்டின் நூற்பட்டியலைக் காணுந்தோறும், இல்லாத ஒரு வரி எம் கண்ணுக்குத் தெரிகிறது.

கோட்டையூர் ரோஜா முத்தையா, பழைய கடைகளிலும் வீடுகளிலும் தேடித்தேடி நூல்களையும் இதழ்களையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின்னர் 1994இல் அச்சேர்க்கையை அடிப்படையாகக் கொண்டு சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. தனியொருவரின் ஆர்வம் இத்துணை காத்திருக்கிறது. ஊர்தோறும் எடைக்குப் போனவை எத்துணை என்பதை எவர் கணக்கிட்டார்?

எடுத்துரைக்கும் முறை

தாத்தாவிடம் யாம் கற்ற முறைகள் சிலவற்றை மாணவர்க்கு இங்கு உரைக்க விரும்புகிறோம்.

முதலாவது, கேட்பவரின் நிலையறிந்து கூறுதல். யாம் விரிவுரையாளர் பணியேற்ற புதிதில், படிக்க நூல் கேட்டு வந்த மாணவர் ஒருவர்க்கு எடுத்த எடுப்பிலேயே பெருங்காப்பியம் ஒன்றைக் கொடுத்தோம். நூல் திரும்பி வந்தது; மாணவர் மீண்டும் வரவில்லை. எம் புலமையைக் காட்ட எண்ணினோமே அன்றி, அவர் பசியை எண்ணவில்லை. ஏழாம் வகுப்புச் சிறுவனுக்குத் துப்பறியும் நாவலைக் கொடுத்த நெசவாளர் எம்மினும் சிறந்த ஆசிரியர்.

இரண்டாவது, தாம் படித்ததையே கூறுதல். படிக்காத நூலைப் புகழ்வது நாணயமற்ற செயல். படித்ததில் குறை இருப்பின் அதனையும் சொல்ல வேண்டும். பட்டில் சாயம் நிற்குமா என்று கேட்டால் உண்மை கூறும் வணிகரிடமே மக்கள் மீண்டும் வருவர்.

மூன்றாவது, வாயில் காட்டுதல். ‘நல்ல நூல், படி’ என்பது போதாது. எங்கிருந்து தொடங்கலாம், எவ்விடம் கடினம், எதனைத் தாண்டினால் சுவை தொடங்கும் என்று கூறுதல் வேண்டும். சீறாப்புராணத்தைக் கொடுக்கும்போது தாத்தா, நாட்டுப்படலத்திலும் நகரப்படலத்திலும் தயங்கி நின்றுவிடாமல், மான் பிணை நின்ற நிகழ்ச்சியை முதலில் படிக்குமாறு சொன்னார்.

நான்காவது, திருப்பிக் கேட்டல். நூலைக் கொடுத்தவர் பின்னர் அதைப் பற்றிப் பேச வேண்டும். பேச்சு இல்லாவிடின் நூல் கைமாறியதே அன்றிப் பகிரப்படவில்லை.

ஐந்தாவது, எழுதி வைத்தல். சொல் காற்றில் போகும், நோட்டு நிற்கும்.

ஆறாவதாக ஒன்றை எம் பட்டறிவால் சேர்க்கிறோம். ‘வந்து பார்’ என்று ஒருவர் அழைத்தால் அன்றே செல்க.

முடிவுரை

ஓதுதலை முதற்கடமையாகக் கொண்ட சமுதாயம் நம்முடையது. நம் இல்லங்களின் பரண்களிலும் பள்ளிவாசல்களின் அலமாரிகளிலும் பழைய கிஸ்ஸாக்களும் அரபுத் தமிழ் ஏடுகளும் இன்னும் இருத்தல் கூடும். அவற்றைக் குறித்து அறிந்த பெரியோர் நம்மிடையே வாழ்கின்றனர். கைப்பேசியில் ஒரு நொடியில் ஓராயிரம் நூற்பெயர்களைக் காணும் வசதி இன்றைய மாணவர்க்கு உண்டு. எனினும், ‘இது உனக்காக’ என்று ஒருவர் எடுத்து வைத்த நூலை அவர் கையிலிருந்துதான் பெறுதல் இயலும்.

ஆகவே, நம் துறை மாணவர் ஒவ்வொருவரும் இவ்வாண்டு ஒரு நூலைப் படித்துத் தம் தோழர் ஒருவர்க்கு எடுத்துரைக்க வேண்டுகிறோம். பெரியோர்கள் தம்மிடமுள்ள பழைய நூல்களைப் பற்றி ஒரு சொல் சொல்லியனுப்ப வேண்டுகிறோம். துறையின் மேசை மீது காலிகோ அட்டை போட்ட நோட்டு ஒன்றை வைத்திருக்கிறோம். நூலின் பெயர், கொடுத்தவர், கொண்டு சென்றவர், ஒரு வரிக் குறிப்பு என நான்கு கட்டங்கள் அதில் உள்ளன. மூன்றாம் கட்டம் எவ்வரியிலும் வெறுமையாக இராதபடி காப்பது நம் அனைவரின் கடமையாகும்.